கப்பல் அம்மாவின் பதினொரு பிள்ளைகள்

"தாய் பேர் போடற கட்டம் காலியா இருக்கேம்மா," என்று சொல்லி என் மகளிடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான் அண்ணன். "காலிக் கட்டத்தோட எதையும் அச்சுக்கு அனுப்பறதில்ல. அது எல்லாருக்கும் ஒரே சட்டம்."

சட்டம் போட்டவனும் அவன், காப்பவனும் அவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டுவிட்டான். மூன்று வருடமாக அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தான். பெயர், தொழில், தந்தை அல்லது காப்பாளர், பெற்ற தாய், கடைசியில் சாட்சிக் கையெழுத்து. "பெற்ற" என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு.

என் மகளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். அவ்வளவு சின்னதாக இருந்தாள் வந்தபோது. காரமும் அப்படியே. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளை எடுத்து வளர்த்தேன். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். படிவத்தில் காப்பாளராக என் பெயரைப் போட்டு, கடைசியில் வாங்க வேண்டிய சாட்சிக் கையெழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் அழகாக நிரப்பிவிட்டு, அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டிருந்தாள்.

"என் பேரைப் போடேன்," என்றேன் அண்ணனிடம்.

"பெத்தவ கட்டத்துல உன் பேரைப் போட்டா அது பொய்தானே? பேரு தெரிஞ்சா கொண்டு வா, போடறேன். தெரியலைன்னா விட்டுடுவோம். நம்ம வம்சத்துல முதல் தாய்லேருந்து ஒரு கட்டம் காலி கிடையாது."

"பரவால்ல மாமா," என்று மிளகு சிரித்தாள். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஒரே ஒரு டம்ளர். அதை அவள் கழுவிய நேரத்தில் ஒரு கல்யாணத்துப் பாத்திரத்தைக் கழுவியிருக்கலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். இல்லத்தின் தலைவி குழந்தையோடு ஒரு காகிதமும் கொடுத்தாள். "பெத்தவ எழுதினது. பொண்ணு கேக்கற வயசு வந்தா குடுத்துடுங்க," என்றாள். நான் ஒரே ஒரு தடவை படித்தேன். பெயர், ஒரு முகவரி, இரண்டு வரி. உடனே உறையில் போட்டு, அலுவலகத்துப் பசையால் நாலு பக்கமும் ஒட்டி, இரும்பு பீரோவில் என் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். மிளகு பத்து வயதில் ஒருமுறையும் பதினாறு வயதில் ஒருமுறையும் கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, உன்னோட எதுவும் வரல," என்றேன் இரண்டு தடவையும். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பீரோ சாவியை இடுப்பிலிருந்து இறக்கியதில்லை. பெயர் தெரிந்தால் தேடிப் போவாள், போனால் திரும்பமாட்டாள் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

ஆகவே எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அண்ணனுடைய காலியில்லாத கட்டங்களில் ஒன்றைக் காலி என்று நிரூபிப்பது. அப்படிச் செய்தால் அவன் சட்டம் உடையும், மிளகின் பெயர் புத்தகத்தில் ஏறும், உறை பீரோவிலேயே கிடக்கும்.

இதற்கு என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. முப்பத்துமூன்று வருடமாகப் பதிவறையில் பழைய தாள் ஒட்டுகிறேன். பூச்சி அரித்தது, ஈரத்தில் இற்றது, எலி கடித்தது எல்லாம் என் மேசைக்கு வரும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் வைத்து மூடுவேன். முன்னால் இதே மேசையில் அப்பா இருந்தார். அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பேனாம்.

எங்கள் குடும்பம் தொடங்குவது வெள்ளைக்காரக் கம்பெனி இங்கே ஆண்ட காலத்தில். கம்பெனிக் கிடங்கின் அதிகாரி ஒருவன். அவனுக்கும் கடல் தாண்டி வந்த ஒரு சீமாட்டிக்கும் பிறந்த மகன்தான் எங்கள் முதல் தாத்தா. அந்தச் சீமாட்டியை நாங்கள் கப்பல் அம்மா என்போம். யாராவது கொஞ்சம் நிறமாகப் பிறந்துவிட்டால் போதும், "கப்பல் அம்மா எட்டிப் பாக்கறா" என்பார்கள். கறுப்பாகப் பிறந்தால் அதற்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்னைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பிறப்புப் பதிவேட்டின் அந்த வரியைப் பிரதி எடுத்து, சட்டம் போட்டு, அண்ணன் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறான். தந்தை பெயர், தாய் பெயர், தேதி, எல்லாம் சுத்தம்.

திங்கட்கிழமை காலை அந்தப் பதிவேட்டை எடுத்துத் தரச் சொன்னேன். எடுத்துத் தருபவர் எங்கள் சாவிக்காரர். எல்லா அலமாரிச் சாவியும் அவர் வளையத்தில்தான். நடந்து வந்தால் மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்கும்.

"எதுக்கும்மா? இதுல கிழிசல் ஒண்ணும் இல்லையே," என்றார்.

"கிழிசல் இருக்கா இல்லையான்னு பாக்கத்தான்."

பெயர்ப் பட்டியல் தந்தை பெயர்ப்படி. வருகிறவர்கள் தங்கள் தாத்தாவின் வரியைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், மூடிவிட்டுப் போவார்கள். பக்கத்து வரியை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். விரலை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முன்னால் ஒரு வருடம், பின்னால் ஒரு வருடம்.

எங்கள் வரிக்கு மூன்று வரி கீழே, வேறொரு தந்தை. துப்பாக்கிப் பட்டறைக்காரன். தாய், கப்பல் அம்மா. அடுத்த பக்கத்தில் ஒரு மாலுமி. தாய், கப்பல் அம்மா. பிறகு ஒரு கணக்கன், ஒரு தச்சன், ஒரு காவல்காரன். எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் பதினொரு தந்தைகளுக்குப் பதினொரு பிள்ளைகள். அதில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒன்பது நாள்தான் இடைவெளி.

"சார், இங்க வாங்க," என்று சாவிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா! இந்த அம்மாவுக்கு மூச்சு விடவே நேரம் இருந்திருக்காதே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே மூக்கில் வியர்க்கவும் செய்தது. இது நகல் பதிவேடு. வருடக் கடைசியில் ஓர் எழுத்தர் மூலத்தைப் பார்த்து அச்சடித்த கட்டங்களில் நிரப்புவார். ஒரு பிரதி கப்பலில் தலைமை அலுவலகத்துக்குப் போகும், ஒன்று இங்கே நிற்கும். தேதியை விட்டால் மூன்றே கட்டங்கள்: பிள்ளை, தந்தை, தாய். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், வெற்றிடம் உள்ள தாள் ஏற்கப்படாது என்று அச்சடித்திருந்தது. அண்ணனுக்கு முன்னோர் யார் என்பதில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஐயமும் போய்விட்டது.

"மூலம் இருக்கா? கைப்பதிவேடு?"

"இருக்கு. ஆனா அதை யாரு கேக்கறா? போன வருஷம் உங்க அண்ணன் ரெண்டு தடவை வாங்கிப் பாத்தாரு. அதுக்கு முன்னாடி கேட்டவங்களே இல்ல."

அண்ணனா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் உட்கார்ந்திருக்கும் கட்டிடத்துக்கே இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறான். வருகைச் சீட்டைப் பார்த்தேன். நான் விடுப்பில் இருந்த நாட்களாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறான். திருடன் அகப்பட்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே சந்தோஷப்பட்டேன்.

கைப்பதிவேடு கெட்டியான தோல் அட்டை போட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வந்தவர்கள் முன்னாலேயே எழுதியது. அதில் தேதி போக நாலு கட்டம் இருந்தது. நாலாவது, சாட்சி. அங்கேதான் இருந்தாள் கப்பல் அம்மா. பதினொரு வரியிலும் சாட்சியாக, வளைந்து வளைந்து தானே போட்ட கையெழுத்தோடு. தாய் கட்டத்தில் மற்றப் பத்து வரிகளிலும் எழுத்தரின் சின்னக் கிறுக்கல்: சமையல்காரி, துணி வெளுப்பவள், கிடங்கில் அரிசி புடைப்பவள், இவ்வூர்ப் பெண். ஒரு பெயர் இல்லை. வருடக் கடைசியில் நகல் எடுத்தவன் வெற்றிடம் விட முடியாமல், வரியில் கண்ணில் பட்ட ஒரே பெண் பெயரைத் தாய் கட்டத்துக்கு நகர்த்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். சாட்சிக்கு நின்ற பாவத்துக்கு அந்த அம்மா பதினொன்றைப் பெற்றவளாகிவிட்டாள்.

எங்கள் வரிக்கு வந்தேன். தாய் கட்டத்தின் மேல் ஓர் ஒட்டு.

கட்டத்தின் அளவுக்குச் சரியாக வெட்டிய மெல்லிய தாள். கீழே ஓட்டை இருக்கலாம், எழுத்து இருக்கலாம், ஒன்றும் தெரியவில்லை. மற்றப் பத்து வரியிலும் ஒரு பூச்சிக்கடி கிடையாது. இந்த ஒரு கட்டத்தை மட்டும் தேடி வந்து தின்ற பூச்சி எது? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குடும்ப வரலாறு எழுதுகிற பூச்சிதான் என்று முடிவு கட்டினேன்.

"பழைய ஒட்டு தூக்கிக்கிட்டு நிக்குது, எடுத்துட்டு மறுபடி ஒட்டணும்னு எழுதிக்குங்க," என்றேன் சாவிக்காரரிடம்.

"தூக்கிக்கிட்டா நிக்குது? நல்லா ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு."

"நான் சொல்றேன்ல."

அவர் எழுதிக்கொண்டார். பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒட்டின் மேல் வைத்தேன். மாவுப் பசை இளக அரைமணி நேரம் ஆகும். சும்மா இருக்க முடியாமல் லென்சை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். யார் ஒட்டினாலும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் விழும். தூரிகை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று பசையின் கோட்டில் தெரியும்.

கோடுகள் வலமிருந்து இடமாகப் போயிருந்தன. இடது கைக்காரர் ஒட்டியது. அண்ணன் வலது கை. அப்பாவும் வலது கை. ஒட்டுத்தாளுக்கு லேசான பழுப்பு. தேநீரில் முக்கி நிறம் ஏற்றியிருக்கிறார்கள், பழைய தாளோடு பொருந்த வேண்டும் என்று. முப்பத்துமூன்று வருடத்தில் இந்த அறையில் இடது கைக்காரர் ஒருவர்தான். தேநீரில் தாளை முக்கியவரும் ஒருவர்தான், அதுவும் ஒரே தடவை. அப்படிச் செய்யக்கூடாது என்று பிறகு சொல்லிவிட்டார்கள்.

லென்சைக் கீழே வைத்தேன். அது என் ஒட்டு.

எனக்குப் பத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அப்பா ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்து, மற்ற இடமெல்லாம் உறிஞ்சுதாளால் மூடி, ஒரு கட்டத்தை மட்டும் காட்டினார். "இதுல பூச்சி அரிச்சிருக்கு. கீழ இருக்கறது தெரியாம மூடிடு," என்றார். நான் முழு நாளும் அதிலேயே கிடந்தேன். முடித்ததும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லா ஒட்டற," என்றார். அந்தப் பாராட்டை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மிளகிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பேன். பூச்சி அரித்த ஓட்டை எங்கே என்று மட்டும் அன்றைக்கு நான் பார்க்கவில்லை. ஊரையே சந்தேகப்படுகிற பூதக்கண்ணாடி, அப்பா சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு பசையைத் தடவியிருக்கிறது.

ஒட்டு முனை மடங்காமல் வந்தது. நல்ல வேலைதான். கீழே தாள் முழுசாக இருந்தது, ஒரு ஊசித் துளை கூட இல்லை. எழுத்தரின் அதே கிறுக்கல், கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு வரி. அந்தக் கால எழுத்து எனக்குப் பழக்கம். இப்படி இருந்தது: பிள்ளையைத் தூக்கி வந்தவளே தாய். பெயர் கேட்கவில்லை.

அவள் வந்திருக்கிறாள். அந்த மேசைக்கு எதிரில், கையில் பிள்ளையோடு நின்றிருக்கிறாள். இரண்டு முழ தூரம் இருக்குமா? எழுத்தர் தந்தை பெயரைக் கேட்டிருக்கிறார், சாட்சியின் பெயரைக் கேட்டிருக்கிறார், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். இவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், வாய் இருந்ததே. கோபத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பதிவேட்டில் சொட்டிவிடப் போகிறதென்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

வேலைக் குறிப்பேட்டில், பழைய ஒட்டு நீக்கப்பட்டது, கீழே எழுத்து உள்ளது, மறுபடி மூடத் தேவையில்லை என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தின் படத்தை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அச்சுக்குப் போகவிருந்த தாள்களின் மேல் அதை வைத்தேன்.

அவன் படித்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

அண்ணி உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அப்பா போறதுக்கு முன்னாடி சொன்னாரு. உன்னை ஒட்டச் சொன்னது என் கல்யாணம் பேசிட்டிருந்த நேரம். அண்ணி வீட்டுல வம்சம் விசாரிக்க ஆள் அனுப்பறதா இருந்தாங்க. அப்பாவுக்குக் கிழிக்க மனசு வரல. ஒட்டலாம்னு உக்காந்தா கை நடுங்கிச்சாம். அதான் உன்கிட்ட குடுத்தாரு."

"நீ ரெண்டு தடவை வந்தது?"

"ஒட்டு நிக்குதான்னு பாக்க. நல்லாத்தான் நின்னுச்சு. நீ ஒட்டினதாச்சே."

கேலியா, பாராட்டா என்று தெரியவில்லை. எதுவானாலும் சுருக்கென்று பட்டது. "முதல் கட்டமே காலி. இனி என் பொண்ணு பேரைப் போட உனக்கு என்ன தடை?" என்று சத்தம் போட்டேன். "உன் சட்டமெல்லாம் எங்க போச்சு? யார் காதுல பூ சுத்தற?"

அவன் படத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினான். "அவ காலிக் கட்டமும் இவ காலிக் கட்டமும் ஒண்ணா? இவளைப் பெத்தவ பேரை யாரும் கேக்காம விடல. எழுதியே குடுத்திருக்கா. இல்லத்துக்கு உன்கூட வந்தது நான்தானே. அந்தம்மா காகிதத்தைக் குடுத்ததை வாசல்லேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"உண்மையைச் சொல்லட்டுமா? நீ தெரியாதுன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியா இருக்கும். நான் மட்டும் மூடி வெச்சுக்கிட்டு இல்லையேன்னு." அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்பா ஒட்டச் சொன்னதை நான் காவல் காக்கறேன். நீ ஒட்டினதை நீ காக்கற. இதுல யாரு யாரைக் கேக்கறது?"

அங்கிருந்து கிளம்பிவிட்டேன். அவன் என்ன அச்சடிப்பான் என்று எனக்குத் தெரியாது. அவனை நான் நம்பவும் இல்லை. ஆனால் வழியெல்லாம் எனக்குக் கண்ணில் நின்றது அவனில்லை, அந்த எழுத்தரின் நகல்தான். சாட்சிக்கு நின்றவளைத் தாய் கட்டத்தில் தூக்கி வைத்ததைப் பார்த்துக் காலையில் சிரித்தேனே, நேற்று அண்ணனிடம் நானே கேட்டதும் அதைத்தானே? "என் பேரைப் போடேன்."

மிளகு வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பீரோவைத் திறந்து உறையை எடுத்து மேசையில் வைத்தேன். "இது உன்னோட வந்தது," என்றேன். "உன்னைப் பெத்தவ எழுதினது. ஒண்ணும் வரலன்னு சொன்னேன்ல, பொய்."

அவள் உட்காரவில்லை. உறையைத் தொடவுமில்லை. நாலு ஓரத்திலும் பசை மஞ்சளாகியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போயிடுவியோன்னு பயந்தேன்," என்றேன். "ரெண்டு தடவை நீ கேட்டே. ரெண்டு தடவையும் எனக்குத் தைரியம் வரல."

"அப்புறம் நான் கேக்கல," என்றாள். "ஏன் கேக்கலன்னு நீ என்னைக் கேட்டியா? ஒரு தடவையாவது? ஊர்ல எல்லார் தாளையும் உத்து உத்துப் பாக்கறியேம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

உறையைப் பிரிக்க அவளால் முடியவில்லை, நான் ஒட்டியது. பஞ்சை நனைத்துக் கொடுத்தேன். அவளே வைத்தாள். பசை இளகும்வரை இருவரும் மேசையின் இரு பக்கமும் காத்திருந்தோம். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. மேசையில் அண்ணனுடைய படிவம் இருந்தது. பெற்ற தாய் கட்டத்தில் அந்தப் பெயரை முழுசாக எழுதியிருந்தாள், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி.

"மாமா போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி," என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடியே. "ஞாயித்துக்கிழமை அந்த முகவரிக்குப் போய்ப் பாக்கப்போறேன். அங்க இருக்காங்களோ இல்லையோ. நீயும் வரணும்னா வா. வரலைன்னாலும் நான் போவேன்."

"வரேன்," என்றேன்.

"கோபம் எனக்கு இன்னும் போகல."

"தெரியுது."

படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். கடைசிக் கட்டம், சாட்சி, காலியாக இருந்தது. "அதுல நீ போடு," என்றாள்.

பேனாவை எடுத்துப் போட்டேன். இடது கை எழுத்து. ஈரம் காய்வதற்குள் என் கையே பட்டுக் கொஞ்சம் கலைந்துவிட்டது. துடைக்கவில்லை, மூடவுமில்லை. அப்படியே கொடுத்தேன்.